பின்சீட்டுக்கு யாருப்பா விலை பேசறது?

சொர்ணவாரி நெல் போட்ட காசு கைக்கு வந்ததும், 2025 தீபாவளிக்கு ஒரு புது வண்டி எடுத்தேன். எடுத்து மூணு வாரம் ஆச்சு. டீக்கடையில, வயல்ல, பால் சொசைட்டியில எங்க நிறுத்தினாலும் ஒரே கேள்விதான். எத்தனை சிசி? மைலேஜ் எவ்ளோ தருது? என்ன விலை ஆச்சு? "பின்னாடி உக்கார்றவங்களுக்கு வசதியா இருக்கா?"ன்னு ஒருத்தர்கூட கேக்கல. கேட்டது எங்க அம்மா மட்டும்தான். அந்தக் கோவத்துலதான் இதை எழுதறேன். பட்டணத்து நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, திட்டு உங்களுக்கும் சேர்த்துதான்.

எங்க வீட்டு நிலவரம் இதுதான். வயலுக்குப் போக பழைய எக்ஸ்எல் இருக்கு. யூரியா மூட்டை 45 கிலோ, மாட்டுத் தீவனம் 50 கிலோ, புல்லுக்கட்டு, ஸ்பிரேயர்னு எதை வச்சாலும் வாயைத் திறக்காம இழுக்கும். ஊருக்குப் போக அப்பா வாங்கின சிடி 100. 1985-ல ஹீரோ ஹோண்டா கொண்டுவந்த வண்டி அது, எங்க வீட்டுக்கு வந்தது பத்து வருஷம் கழிச்சு. அப்பா போய்ட்டார், வண்டி மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அதுவும் புகையா கக்குது, பாகமும் சரியா கிடைக்கறதில்ல. அம்மாவுக்கு மாசம் ஒருவாட்டி திருவள்ளூர் ஆஸ்பத்திரி. எழுபது வயசு, ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போயிருக்கு. புது வண்டி தேவைப்பட்டது அதுக்காகத்தான்.

வண்டி பாக்க கொரட்டூருக்குப் போனேன். அக்கா வீடு அங்கதான். அக்கா கல்யாணமாகிப் போனப்ப ஏரிக்கரை பக்கம் இன்னும் ஊர்வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. இப்ப சுத்திவர மாடி வீடு. அக்கா பையன் அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை செய்யறான். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவோட பழைய வண்டியைத் தள்ளிட்டு, தவணையில ஒரு பெரிய வண்டி எடுத்தான். பாக்க நல்லாத்தான் இருக்கு. டேங்க் காளை மாட்டுத் திமில் மாதிரி, பின்பக்கம் தேள் கொடுக்கு மாதிரி மேல தூக்கிக்கிட்டு நிக்குது.

நான் போன அன்னைக்கு அக்கா காய்கறிப் பையைத் தூக்கிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்துச்சு. வில்லிவாக்கம் மார்க்கெட்ல இருந்து ஷேர் ஆட்டோ, அதுல இறங்கி நடை. "வாசல்ல இம்மாம் பெரிய வண்டி நிக்குதே, பையனை கூட்டிட்டுப் போகச் சொல்றதுதானே?"ன்னு கேட்டேன்.

"அதுல எங்கடா நான் ஏறறது? ஒருவாட்டி ஏறிட்டு இறங்கத் தெரியாம தெருவே வேடிக்கை பாத்துச்சு. அதோட விட்டுட்டேன்."

மாமா இருந்தப்ப பழைய 100 சிசி வண்டியில பின்னாடி உக்காந்து கோயில், மார்க்கெட், நாத்தனார் வீடுன்னு சுத்தின பொம்பளை அக்கா. வீட்டுக்கு விலை கூடின வண்டி வந்துச்சு, அக்காவுக்கு இருந்த வண்டி போச்சு. தவணையில பாதி கட்டறதும் அக்காதான், தையல் மிஷின் மிதிச்சு!

மறுநாள் பையனையும் கூட்டிக்கிட்டு ரெண்டு மூணு ஷோரூம் ஏறி இறங்கினேன். "மாமா, 160-க்குக் கீழ பாக்காதீங்க, நூறு சிசியெல்லாம் பால்காரர் வண்டி"ன்னான். நான் பால்காரன்தாண்டா, தினம் ரெண்டு கேன் பால் ஊத்தறேன்னு சொன்னேன். சிரிச்சான்.

முதல் ஷோரூம்ல கையில ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க. குதிரைசக்தி, டார்க், கிரவுண்ட் கிளியரன்ஸ், சக்கரத்துக்கு சக்கரம் இடைவெளி, போனை எப்படி இணைக்கறதுன்னு வரிசையா போட்டிருக்கு. சீட் உயரமும் இருக்கு. ஆனா அது ஓட்டறவன் சீட்டோட உயரம். "பின்சீட் எவ்ளோ உயரம் தம்பி?"ன்னு கேட்டேன். விற்பனைப் பையன் முழிச்சான். "அது யாரும் கேக்க மாட்டாங்க சார்"னான்.

பையில இருந்த டேப்பை எடுத்து நானே அளந்தேன். முன்சீட்ல இருந்து பின்சீட்டு ஒரு சாணுக்கு மேல தூக்கி இருக்கு. அகலம் ரெண்டு கை வச்சா முடிஞ்சு போகுது. கால் வைக்கற கம்பி எங்கயோ மேல. பிடிச்சுக்க ஒழுங்கா ஒரு இடம் கிடையாது. முட்டி தேய்ஞ்ச பொம்பளை இதுல ஏறணும்னா திண்ணையில நின்னுதான் ஏறணும். இறங்கற இடத்துலயும் ஒரு திண்ணை வேணும்.

"சேலை கார்டு?"ன்னு கேட்டேன். அது இருந்தா லுக் போயிடும் சார், கழட்டியே குடுத்துடறோம்னு ஏதோ சலுகை மாதிரி சொல்றாங்க. எனக்கு வந்துச்சே கோவம். அது அழகுக்கு வச்ச சாமான் இல்லைங்க. மத்திய மோட்டார் வாகன விதி 123-ஐ எடுத்துப் பாருங்க. பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி இருக்கணும், கால் வைக்க இடம் இருக்கணும், துணி சக்கரத்துல சிக்காம இருக்க பின்சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைப்பு இருக்கணும். மூணும் சட்டம். சட்டம் எழுதினவருக்குப் பின்னாடி சேலை கட்டின ஒரு அம்மா உக்கார்றது தெரிஞ்சிருக்கு. வண்டிக்குப் படம் வரையறவங்களுக்குத் தெரியல. முந்தானை செயின்ல சிக்கி ரோட்ல விழுந்தவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. அந்த வீட்ல போய் லுக்கைப் பத்திப் பேசுங்க பாப்போம்.

இந்த நாட்டு இருசக்கர வண்டி வளர்ந்ததே பின்சீட்டாலதான். கொரட்டூருக்குப் பக்கத்துல பாடி இருக்கே, அங்க சுந்தரம் கிளேட்டன்னு பிரேக் செய்யற கம்பெனி 1960-கள்ல ஆரம்பிச்சது. அவங்க பிறகு ஓசூர்ல மொபெட் பிரிவு தொடங்கி, 1980-ல டிவிஎஸ் 50-ஐ இறக்கினாங்க. ரெண்டு பேர் உக்காரலாம்ங்கறதுதான் அந்த வண்டியோட பெருமையே. வாத்தியார் பின்னாடி டீச்சரம்மா, பூக்காரர் பின்னாடி அவர் சம்சாரம், மீன்கூடை, துணிமூட்டைன்னு தமிழ்நாடே அதுலதான் நகர்ந்துச்சு. நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, அதுமாதிரி மூணு நாலு மடங்கு இன்ஜினை வச்சுக்கிட்டு, அம்மாவை ஏத்த முடியாத வண்டியை விலை குடுத்து வாங்கறோம். இதுக்குப் பேரு முன்னேற்றமா?

நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். ஒவ்வொண்ணா வரேன்.

"பொம்பளைங்க ஏன் பின்னாடி உக்காரணும், தனியா ஓட்டட்டுமே?" ஓட்டட்டும், சந்தோஷம். 2018-ல அரசாங்கமே வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம்னு திட்டம் கொண்டுவந்துச்சு. எங்க ஊர்ல அதுல வாங்கி ஓட்டறவங்களை நானே பாத்திருக்கேன். ஆனா எழுபது வயசுல எங்க அம்மாவை எல்எல்ஆர் போடச் சொல்வீங்களா? கண்ணு மங்கின தாத்தா, மாசமா இருக்கற பொண்ணு, கால் உடைஞ்ச பையன், இவங்கல்லாம் பின்சீட்டுக்காரங்கதான்.

"ஒருபக்கமா உக்கார்றது ஆபத்து." ஒத்துக்கறேன். ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றதுதான் பாதுகாப்பு. ஆனா அப்படி உக்காரவும் சீட்டு தாழ்வா, தட்டையா இருந்தாத்தானே வயசானவங்க காலைத் தூக்கிப் போட முடியும்? உங்க நியாயம் எனக்குத்தான் சாட்சி சொல்லுது.

"அப்ப ஸ்கூட்டர் வாங்கு." கொரட்டூர்ல இருந்தா அதைத்தான் வாங்கியிருப்பேன். எங்க ஊரு வண்டித்தடத்துல, மழைக்காலத்துல, சின்னச் சக்கரம் பள்ளத்துல குதிச்சா அம்மா இடுப்பு போயிடும். எங்களுக்கு 18 இன்ச் சக்கரம் வேணும்.

"பையனுக்குன்னு ஒரு ஆசை இருக்காதா?" இருக்கும். அவன் தனிக்காசுல, ரெண்டாவது வண்டியா, எதை வேணா வாங்கட்டும். வீட்டுக்கு ஒரே வண்டி, தவணை குடும்பத்துக் காசுன்னா, அது குடும்பத்துக்கான வண்டியா இருக்கணும். ஒருத்தன் முகம் பாத்து மட்டும் வாங்கறது, மாப்பிள்ளைக்கு மட்டும் இலை போட்டு பந்தியை முடிச்ச கதை.

கடைசியில நான் எடுத்தது ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஆமா, அதேதான். 1994-ல இருந்து தெருவுக்கு நாலு நிக்கற வண்டி. 97.2 சிசி, எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். சீட்டு நீளமா, தட்டையா, ஒரே துண்டு. கைப்பிடி இருக்கு, சேலை கார்டு இருக்கு. 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா செப்டம்பர் 22-ல இருந்து குறைஞ்சதால கொஞ்சம் காசு மிச்சம். அந்த மிச்சத்துல ரெண்டு ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்கினேன். ஒண்ணு பின்சீட்டுக்கு. 2022 மே மாசத்துல சென்னை போலீஸ் பின்னாடி இருக்கறவங்களுக்கும் கெடுபிடி பண்ணினப்ப எல்லாரும் முணுமுணுத்தாங்க. மண்டை ரெண்டுன்னா ஹெல்மெட்டும் ரெண்டு, இதுல முணுமுணுக்க என்ன இருக்கு?

முதல் சவாரி அக்காவுக்கு. பூ வச்ச தலைமேல ஹெல்மெட் போட மாட்டேன்னு அடம். பூவை எடுத்து ஹேண்டில்ல சுத்திட்டு ஏறிச்சு. ஒரே தூக்குல ஏறிச்சுங்க. யார் தோளையும் பிடிக்கல. கொரட்டூர் ஏரிப்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வீட்டு வாசல்ல இறங்கினப்ப, அக்கா பையனைப் பாத்து ஒண்ணும் சொல்லல. அவன் போனை நோண்டிக்கிட்டு இருந்தான்.

அப்புறம் நான் தனியா சி.டி.எச். ரோடு புடிச்சு ஊருக்குக் கிளம்பினேன். புது இன்ஜின், அதனால நாப்பது அம்பதுக்கு மேல போகல. பழைய சிடி 100 ஓட்டின கைக்கு கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கு. சத்தமே இல்ல. அம்பத்தூர் ஓ.டி. சிக்னல்ல நியூட்ரல் போட்டு நின்னேன், இன்ஜின் பட்டுன்னு அணைஞ்சுது. பகீர்னு ஆயிடுச்சு. கிக்கரை உதைக்கப் போறேன், பக்கத்துல நின்ன டெலிவரி தம்பி, "அண்ணா, கிளட்ச்சைப் புடிங்க, அதுவே ஸ்டார்ட் ஆவும்"னான். புடிச்சேன், ஆச்சு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கற ஏற்பாடாம். திருநின்றவூர் தாண்டறதுக்குள்ள நாலு பேர் கையை விரிச்சு மூடி "லைட் எரியுது"ன்னு சைகை காட்டிட்டாங்க. 2017-ல இருந்து புது வண்டிக்கெல்லாம் பகல்லயும் விளக்கு எரியும்னு எத்தனை பேருக்குச் சொல்றது?

குறையும் சொல்லிடறேன், இல்லன்னா விளம்பரம்னு நினைப்பீங்க. 2019-ல இருந்து 125 சிசி வரைக்கும் உள்ள வண்டியில பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கணும்னு விதி. தார் ரோட்ல அது உசுரைக் காப்பாத்தும், சந்தேகமில்ல. ஐப்பசி மழையில நனைஞ்ச வரப்புல அதே பிரேக் முன்சக்கரத்தைச் சறுக்க வைக்கப் பாக்குது. அங்க பிரேக்கையே தொடாம முதல் கியர்ல ஊர்ந்து பழகிக்கிட்டேன். இன்னொண்ணு, 2020 பிஎஸ் 6 வந்ததும் கார்புரேட்டர் போய் பியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. பழைய டூத் பிரஷ்ஷால கார்புரேட்டரைச் சுத்தம் பண்ற எங்க ஊர் மெக்கானிக், புது வண்டியைப் பாத்து "பேட்டரியை மட்டும் சாவ வுட்டுடாதே"ன்னு எச்சரிச்சு அனுப்பினார்.

மறுநாள் அம்மாவை உக்கார வச்சேன். ரெண்டு தடவை சீட்டைத் தட்டிப் பாத்துட்டு, "உங்க அப்பா வண்டி மாதிரியே இருக்குதுடா"ன்னாங்க. திருவள்ளூர் போயிட்டு மருந்து வாங்கிட்டு, வழியில தங்கச்சி வீட்டுக்கும் போகணும்னு அவங்களே கேட்டாங்க. இப்படி ஒரு இடம் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

கம்பெனிக்காரங்ககிட்ட ரெண்டே கோரிக்கை. சீட் உயரம் போடற இடத்துல பின்சீட் உயரத்தையும் போடுங்க. சேலை கார்டை வாங்கறவன் கேட்டாலும் கழட்டித் தராதீங்க. உங்ககிட்ட ஒண்ணு. அடுத்து வண்டி பாக்கப் போறப்ப தனியாவோ, ஃபிரண்டோடயோ போகாதீங்க. வீட்ல யாருக்கு அதிகமா முட்டி வலிக்குதோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க ஏறி இறங்கின பிறகு விலை பேசுங்க.

நேத்து ராத்திரி அக்கா போன் பண்ணிச்சு. "அடுத்த வாட்டி வர்றப்ப ஒரு நாள் கூட இருந்துட்டுப் போடா. வில்லிவாக்கம் மார்க்கெட்டுக்கு ஒருதரம் போயிட்டு வரலாம்"னுச்சு. கீரையும் கத்திரிக்காயும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்.