எழுந்து வரத் தெரிய வேண்டும்

2010 ஆகஸ்ட் 7. பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் உலக சவுனா (வெப்பக் குளியல்) போட்டியின் இறுதிச் சுற்று. மர அறைக்குள் 110 டிகிரி செல்சியஸ். முப்பது நொடிக்கு ஒருமுறை சூடேறிய கற்களின் மேல் அரை லிட்டர் தண்ணீர் விழும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பட்டம். ஆறு நிமிடம் ஆகியிருக்கும். மிஞ்சியிருந்த இருவரையும் வெளியே இழுத்து வர வேண்டியதாயிற்று. ரஷ்யாவின் விளாதிமிர் லதிஷென்ஸ்கி இறந்துபோனார். ஐந்து முறை பட்டம் வென்றிருந்த பின்லாந்துக்காரர் திமோ கௌகோனன் உடம்பெல்லாம் வெந்து, பல வாரம் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார். 1999இல் தொடங்கிய போட்டி அத்தோடு நின்றது.

இதை வைத்து சவுனாவே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் பின்லாந்தில் 30 லட்சம் சவுனாக்கள் இருக்கும் என்கிறார்கள். யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டை 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிழக்கு பின்லாந்தில் 2,300க்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வில், வாரத்தில் பல நாள் சவுனா போனவர்களிடம் திடீர் இதயச் சாவு குறைவாக இருந்தது. ஆனால் அடிக்கடி போக முடிகிறவர்கள் முதலிலேயே உடம்பு நன்றாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். அதனால் அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

கொதிநீர் அளவு சூட்டில் மனிதன் எப்படி உட்கார்ந்திருக்கிறான்? வறண்ட காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் தோலுக்குக் கடத்தும். வியர்வையும் உடனுக்குடன் ஆவியாகிக் குளிர்விக்கும். கல்லில் தண்ணீர் ஊற்றியதும் கதை மாறுகிறது. நீராவி தோலில் படிந்து நீராகும்போது தான் சுமந்துவந்த வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடும். நம் ஊர் ஜிம்களின் ஸ்டீம் ரூமில் 45 டிகிரிதானே என்று அசட்டையாக இருப்பது இதனால்தான் தவறு. ஈரம் நிறைந்த அந்தக் காற்றில் வியர்வை காயாது, உடம்பின் சூடு வெளியேற வழி இருக்காது.

இந்தச் சூட்டில் இதயம் ஓடி ஓடி வேலை செய்கிறது. துடிப்பு 100ஐத் தாண்டும், சிலருக்கு 150 வரை போகும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து கிடப்பதால் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருளும். தலை கிறுகிறுப்பதும் குமட்டுவதும் படபடப்பதும் உடம்பு நம்மை வெளியே கூப்பிடும் குரல். லதிஷென்ஸ்கி கடுமையான வலிநிவாரணிகளை உட்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. அந்தக் குரலை அவரே அடைத்துவைத்திருந்தார். மதுவும் இதையேதான் செய்கிறது. பின்லாந்தின் சவுனா மரணங்களை ஆராய்ந்தவர்கள், இறந்தவர்களில் சுமார் பாதிப்பேர் குடித்திருந்ததைக் கண்டார்கள். குடித்துவிட்டு உள்ளே போகாதீர்கள். இதில் ஒரு பெக், இரண்டு பெக் என்ற கணக்கே கிடையாது.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி கட்டுப்படாதவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் சவுனாவைத் தவிர்க்க வேண்டும். பி.பி. மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வேண்டாம். வலிக்காகத் தோலில் ஃபென்டானில் பட்டை ஒட்டியிருப்பவர் போகவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உடம்பில் இறங்கி மூச்சையே அடக்கிவிடலாம்.

என் தங்கை மகன் ஸ்டீமில் உட்கார்ந்து எழுந்தால் அரைக் கிலோ இறங்குகிறது என்று பூரித்துப் போகிறான். "இறங்கினது தண்ணீர்டா, கொழுப்பு இல்லை" என்றால், "போங்க மாமா" என்கிறான். 1997இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடைப் பிரிவுக்காக உடம்பின் நீரை வெப்பத்தால் வற்றவைத்து, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவனிடம் அதையும் சொன்னேன். இளவயதுப் பிள்ளைகள் என்பதால் எனக்கு ஆறவேயில்லை.

புதியவருக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். மேல் படியில் சூடு அதிகம், கீழ்ப் படியில் உட்காருங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். ஜிம்மில் சேரும்போதே, ஸ்டீம் ரூம் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிறதா, அழைப்பு மணி உண்டா, யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். உள்ளே ஒருவர் பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே வெளியே கொண்டுவந்து படுக்கவையுங்கள். 108ஐ அழைத்துவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.