உணர்திறன் மட்டும் போதுமா?

காந்தப்புலத்தை அளக்கும் கருவி ஒன்று நல்லதா என்று கேட்டால், எவ்வளவு சிறிய புலத்தை அது காட்டும் என்பதையே நாம் பார்க்கிறோம். வேண்டாத புலங்களை அது எவ்வளவு ஒதுக்கும் என்று கேட்பவர் குறைவு. இந்த இரண்டாம் கேள்விக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

மனித இதயம் துடிக்கையில் மார்பருகே எழும் காந்தப்புலம் ஏறத்தாழ 50 பிக்கோடெஸ்லா. தமிழ்நாட்டில் புவியின் காந்தப்புலமோ சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பல லட்சம் மடங்கு பெரிது. அதுவாவது பெரும்பாலும் ஒரே நிலையில் இருக்கும். மின்கம்பிகளும் சாலையில் ஓடும் பேருந்துகளும் உண்டாக்கும் புலம் கணந்தோறும் மாறும். உணர்திறனை மட்டும் கூட்டினால் இந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். சந்தைக்குள் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க ஒலிபெருக்கி வைப்பது போன்றதே அது.

இதயத்தின் காந்தப்புலத்தை முதன்முதலில் அளந்து 1963இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் சிரகூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌல், மக்ஃபீ ஆகிய இருவர். அவர்களுடைய சுருள்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 20 லட்சம் சுற்றுகள்! ஆயினும் சூட்சுமம் அதில் மட்டும் இல்லை. இரு சுருள்களையும் எதிரெதிராக இணைத்தார்கள். தொலைவிலிருந்து வரும் புலம் இரண்டிலும் சமமாகப் பட்டு ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். அருகிலிருக்கும் இதயத்தின் புலம் இரண்டிலும் சமமாகப் படாது. ஆகவே அது எஞ்சி நிற்கும். அதோடு நில்லாமல், மின்கம்பிகளை விட்டு விலகித் திறந்தவெளிக்கே கருவியைக் கொண்டு சென்றார்கள். சுற்றிய பொறுமை பெரிது; எதிராக இணைத்த அறிவு அதனினும் பெரிது.

இடம் மாறுவதும் ஒரு வழிதான். பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், கொலாபாவில் நடந்துவந்த புவிக்காந்த அளவீட்டுக்காக 1904இல் அலிபாக்கில் புதிய நிலையம் தொடங்கப்பட்டது.

இன்று கல்பாக்கத்தில், திரவ ஹீலியத்தின் குளிரில் இயங்கும் ‘ஸ்குயிட்’ கருவிகளால் இதயப்புலத்தை அளக்கிறார்கள். அவற்றின் உணர்திறனுக்குக் குறைவேது? ஆயினும் அங்கும் காந்தத் தடுப்பறை வேண்டியிருக்கிறது. கணிப்பொறி பின்னர் வடிகட்டிக்கொள்ளும் என்பார் உண்டு. இரைச்சலால் கருவியே அளவெல்லையை மீறித் திணறிவிட்டால், பிறகு வடிகட்ட என்ன இருக்கும்?

நம் ஆய்வுக்கூடத்து விலகு காந்தமானியில், சட்டக்காந்தத்தை முனைமாற்றியும் பக்கம் மாற்றியும் எட்டு அளவீடுகள் எடுத்துச் சராசரி காண்கிறோம். கருவியின் கோணல்களை எதிரெதிராக நிறுத்தி நீக்கும் அதே தந்திரம்தான் இது. ஆனால் பதிவேட்டில் எட்டுக் கட்டங்களை நிரப்புவதோடு சரி. ஏன் எட்டு என்று எழுதச் சொல்வதில்லை. அளவீட்டின் நடுவே பக்கத்து மேசைக்காரர் இரும்பு முக்காலியை இழுத்துப் போட்டால் அந்தச் சராசரி காப்பாற்றாது என்பதையும் செய்துகாட்ட வேண்டும். அடுத்த ஆண்டு முதல் அதையே ஒரு தனிச் சோதனையாக வைக்கலாம். செலவு ஒரு முக்காலிதான்.