மூக்கடைப்புக்கு நெஞ்சைப் பிளக்கலாமா?

பழைய சூப்பர்சார்ஜர் கார் வைத்திருப்பவர் 'ஆயில் கசிகிறது' என்று பட்டறைக்குப் போனால் அங்கே ஒரு சடங்கு நடக்கிறது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறப்பார்கள். குபுகுபுவென்று கொஞ்சம் புகை வரும். பெரிய மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு, "ரிங் போச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்பார். தீர்ப்புக்கு இரண்டு நிமிடம், செலவு லட்சக்கணக்கில்.

என் தங்கை மகனுக்கும் சென்ற வருடம் இதே தீர்ப்புதான் கிடைத்தது. "என்ன அளந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "முப்பது வருஷ அனுபவம் சார்" என்றார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

விஷயம் இதுதான். எந்த இன்ஜினிலும், புத்தம் புதியதே ஆனாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்கு வைத்திருப்பதுதான் பிரீதர் குழாய். பிரெஞ்சில் இதற்கு 'ரெனிஃப்லார்' என்று பெயர். மூக்கை உறிஞ்சுவது என்ற வினையிலிருந்து வந்த சொல். பொருத்தமான பெயர். இன்ஜினுக்கு அது மூக்குதான்.

சூப்பர்சார்ஜர் உள்ள இன்ஜினுக்குப் பெரும்பாலும் இரண்டு மூக்குத் துவாரம். ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் சக்தி இருக்கும். ஒரு குழாய் வழியாகக் கிராங்க்கேஸ் வாயுவை அது இழுத்துக்கொள்ளும். அழுத்தி மிதித்தால் நிலைமை தலைகீழ். சூப்பர்சார்ஜர் காற்றைத் திணிப்பதால் அதே மேனிஃபோல்டில் அரை பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். அப்போது முதல் குழாயில் உள்ள ஒருவழி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு இரண்டாவது குழாய் வழியாக, சூப்பர்சார்ஜருக்கு முன்னால் உள்ள காற்றுப் பாதைக்குப் போய்விடும்.

அந்தச் சின்ன வால்வு மூடாவிட்டால் என்ன ஆகும்? சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள் பாயும். அரை பார் என்றால் தண்ணீரை ஐந்து மீட்டர் உயரம் தூக்கும் அழுத்தம். கிராங்க்கேஸ் அழுத்தத்தைச் சென்டிமீட்டர் தண்ணீர்க் கணக்கில் அளப்பது வழக்கம். மீட்டர் கணக்கில் ஏறினால் ஆயில் சீல் தாங்காது. டிப்ஸ்டிக் எகிறும், சீல்களில் எண்ணெய் வழியும். இரண்டாவது குழாய் கசடு படிந்து அடைபட்டாலும் இதே கதைதான். இரண்டிலும் ரிங் ஒரு பாவமும் அறியாது.

இப்போது அந்த மூடிச் சடங்கைப் பாருங்கள். ஐடிலில் மேனிஃபோல்டுக்கு அழுத்தமே கிடையாது. வால்வு கெட்டதால் வரும் நோய் பாலம் ஏறும்போது, லாரியை முந்தும்போது வருவது. படுத்திருப்பவனைச் சோதித்துவிட்டு, ஓடும்போது வரும் மூச்சிரைப்புக்கு மருந்து எழுதினால் எப்படி? மூடியைத் திறந்தால் நல்ல பழைய இன்ஜினிலும் கொஞ்சம் புகை தெரியத்தான் செய்யும். கண்ணால் பார்த்த புகைக்கு அளவு ஏது?

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பாஸ்கல் பாடம் நடத்துவார்கள். காற்றுக்கு எடை உண்டா, வெற்றிடம் உண்டா என்று பண்டிதர்கள் சண்டை போட்ட காலம் அது. பாஸ்கல் தன் அக்காள் கணவர் பெரியேவிடம் பாதரசக் குழாயைக் கொடுத்து, புய் தெ தோம் மலைமேல் ஏறி அளந்து வரச் சொன்னார். 1648 செப்டம்பரில் அவர் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கி நின்றது. சண்டைக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை. முந்நூற்றெழுபது வருடம் கழித்தும் நாம் அழுத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அளக்க என்ன வேண்டும்? முதலில், டிப்ஸ்டிக் குழாயில் மிகக் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். ஐடிலில் முள் பூஜ்யத்தையோ லேசான உறிஞ்சலையோ காட்ட வேண்டும். பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கேஜைப் பார்க்க, மெதுவாகச் சுமையை ஏற்றிப் பாருங்கள். மிதித்தவுடன் முள் ஏறினால், வால்வு உள்ள முதல் குழாயை மட்டும் இரு முனையிலும் தற்காலிகமாக அடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது குழாய் திறந்தே இருக்க வேண்டும். இப்போது முள் அடங்கினால் குற்றவாளி வால்வு. அடங்காவிட்டால் இரண்டாவது குழாயைக் கழற்றிக் கசடு பாருங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தால்தான் ரிங்கின் முறை. கம்ப்ரஷன் பாருங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் சந்தேகம் ரிங் மேல்தான். இன்னும் உறுதி வேண்டுமா? பிஸ்டனை மேலே நிறுத்தி சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் காதை வையுங்கள். ஆயில் மூடி வழியே சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இதெல்லாம் ஒரு முற்பகல் வேலை. ரிங் என்று எண்ணே சொன்னால் இன்ஜினைத் தாராளமாக இறக்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது சார்?" என்கிறார்கள். இன்ஜினை இறக்கி, போர் அடித்து, மறுபடி ஏற்ற வாரக்கணக்கில் நேரம் இருக்கிறதே! அதைவிட மோசம், இரக்கப்பட்டுச் சிலர் சொல்லும் மலிவு வைத்தியம்: பிரீதர் குழாயைக் கழற்றி வெளியே தொங்க விடுவது. அழுத்தம் கொஞ்சம் குறையலாம். காரணம் அப்படியே இருக்கும். எண்ணெய்ப் புகையைத் தெருவில் போகிறவர்கள் சுவாசிப்பார்கள். ரிங் என்று சொல்லிப் புது ரிங் போட்டவர் கதை இன்னும் பரிதாபம். வால்வு பழையதே என்றால், வண்டி வெளியே வந்த வாரமே புது சீலும் வழியும்.

முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். இணைப்பு இல்லாத குறிப்பு மேலே போகாது. கார் வைத்திருப்பவர்களும் அந்தக் கண்டிப்பைக் கடைப்பிடிக்கலாம். இன்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் மூன்றே எண்களைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஐடிலில் கிராங்க்கேஸ் அழுத்தம், சுமையில் அழுத்தம், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன். எழுதித் தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வாருங்கள். வேறு பட்டறை இருக்கிறது.