விளம்பரத் தடைப் பட்டியல்: பயன்படுத்துவோர் பலர், பராமரிப்போர் சிலர்

2020 நவம்பரில் அமெரிக்காவின் 'மதர்போர்டு' ஊடகம் வெளியிட்ட ஒரு செய்தி நம்மில் பலரைத் திடுக்கிட வைத்தது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் பார்ப்பதற்காக உலகெங்கும் 9.8 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து, பயனாளர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்நிறுவனம் தன்னிடம் சேரும் தகவலை அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கு விற்றுவந்தது. ராணுவத்துக்கு நாங்கள் நேரடியாக விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோடுடனான தொடர்பை முறித்துக்கொண்டது. அடுத்த மாதமே எக்ஸ்-மோடின் நிரலைச் செயலிகளிலிருந்து நீக்கும்படி ஆப்பிளும் கூகுளும் உத்தரவிட்டன. வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிடத் தகவலை விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது 2024 ஜனவரியில்தான்.

செய்திக்கும் தடைக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. சட்டம் வந்து சேரும் வரை நம் வீட்டுக் கதவை நாமே சாத்திக்கொள்ள வழி உண்டா? ஓரளவுக்கு உண்டு. அதன் பெயர் டிஎன்எஸ் தடை.

இது எப்படி வேலை செய்கிறது?

நம் போன் எந்தத் தளத்தைத் திறந்தாலும், முதலில் அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரியை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. அந்த இடத்தில் ஒரு தடைப் பட்டியலை வைத்துவிட்டால் போதும். விளம்பர நிறுவனத்தின் பெயரோ நம்மைப் பின்தொடரும் டிராக்கரின் பெயரோ பட்டியலில் இருந்தால், முகவரி கிடைக்காது, தொடர்பும் நடக்காது. 'பை-ஹோல்' என்ற இலவச மென்பொருளை ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினியில் நிறுவினால், உம்மாவின் போன் முதல் வரவேற்பறை டிவி வரை வீட்டு வைஃபையில் இருக்கும் பெரும்பாலான கருவிகளுக்கும் இந்தக் காவல் கிடைக்கும். அந்த வசதி இல்லாதவர்கள், ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில், தடை செய்யும் சேவை ஒன்றின் பெயரைக் கொடுத்தாலே போதும்.

பட்டியலை எழுதுவது யார்?

கருவி வெறும் வாயிற்காவலன். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அவனுக்குச் சொல்வது பட்டியல்தான். அந்தப் பட்டியல்களில் பலவற்றைப் பெரிய நிறுவனங்கள் தயாரிப்பதில்லை. பை-ஹோலை நிறுவும்போது முதலில் தரப்படும் பட்டியல், ஸ்டீவன் பிளாக் என்ற மென்பொருளாளர் பல பட்டியல்களைத் தொகுத்து, இரட்டிப்புகளை நீக்கி வெளியிடுவது. பிரவுசர்களுக்கான புகழ்பெற்ற 'ஈஸிலிஸ்ட்' பட்டியலை 2005-ல் தொடங்கியவர் ரிக் பெட்னல். 2009-ல் அவர் இறந்தபோது, வேறு தன்னார்வலர்கள் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்க ஆள் வராமல் போயிருந்தால் அந்தப் பட்டியல் அன்றோடு பழையதாகியிருக்கும்.

ஏனென்றால், இது ஒருமுறை எழுதி முடிக்கும் வேலை அல்ல. தடுக்கப்பட்ட நிறுவனம் புதிய பெயரில் வருகிறது. கைவிடப்பட்ட பெயர்களை நீக்க வேண்டியிருக்கிறது. 2019-ல் பிரான்ஸின் 'லிபெராசியோன்' நாளிதழின் சொந்த முகவரிக்குள்ளேயே ஒரு துணைப்பெயரை உருவாக்கி, அதன் பின்னால் டிராக்கர் நிறுவனத்தின் சர்வர் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. மறு ஆண்டே பை-ஹோல், பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மைப் பெயரையும் சரிபார்க்கத் தொடங்கியது.

நெருக்கடி வேறு வழிகளிலும் வருகிறது. 2017 ஆகஸ்டில் 'அட்மிரல்' என்ற நிறுவனம் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, ஈஸிலிஸ்டிலிருந்து ஒரு டொமைன் பெயரை நீக்க வைத்தது. 2022-ல் நடந்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. திறக்கும்போதெல்லாம் பட்டியலைப் புதிதாகப் பதிவிறக்கும்படி தவறாக எழுதப்பட்ட சில ஆண்ட்ராய்டு பிரவுசர்களால் ஈஸிலிஸ்டின் சர்வர் திணறியது. அந்தச் சுமை பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது.

எல்லைகளும் உண்டு

அளவுக்கு மீறித் தடுத்தாலும் தொல்லைதான். கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தினால் பக்கம் திறக்காது. சில நேரம் பணம் செலுத்தும் பக்கமோ, குறுஞ்செய்தியில் வந்த இணைப்போ நின்றுவிடும். "நெட் போச்சு" என்று வீட்டில் குரல் எழும். யாராவது மொத்தக் காவலையும் அணைத்துவிடுவார்கள். ஆகவே பத்துப் பட்டியல்களைக் குவிப்பதைவிட, நன்றாகப் பராமரிக்கப்படும் ஒன்றை வைத்திருப்பதே குடும்பத்துக்கு ஏற்றது.

டிஎன்எஸ் தடையால் எல்லாவற்றையும் தடுக்கவும் முடியாது. யூடியூபில் வீடியோ வரும் அதே பெயரிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. ஒன்றைத் தடுத்தால் இரண்டும் போகும். செயலி நிறுவனம் நம் இருப்பிடத்தைத் தன் சொந்த சர்வருக்கு வாங்கிக்கொண்டு பிறகு விற்றால், அதை எந்தப் பட்டியலும் பிடிக்காது. தொழுகை நேரத்துக்கு ஊர்ப் பெயரைக் கையால் கொடுத்தாலே போதும் என்றிருக்கும்போது, 'எப்போதும் இருப்பிடம்' என்ற அனுமதியை எந்தச் செயலிக்கும் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெளியார் நடத்தும் டிஎன்எஸ் சேவைக்கு மாறினால், நம் வீட்டார் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரம் முழுவதும் அவர்கள் கண்ணில் படும். அது அவர்களிடம் நாம் ஒப்படைக்கும் அமானிதம். எதைப் பதிவு செய்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படும்படி அமைப்போம். ஒரு தளம் நின்றால் காவலை அணைக்காமல், அந்தப் பெயரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்ப்போம். எந்தப் பெயர், எந்தப் பக்கம் என்று பராமரிப்பவர்களுக்கும் தெரிவிப்போம். நம் மொழித் தளங்களில் வரும் விளம்பர டொமைன்களையும், தவறாகத் தடுக்கப்படும் உள்ளூர்ச் சேவைகளையும் வெளிநாட்டுத் தன்னார்வலர் தானாக அறிய வழியில்லை. அதைச் சொல்ல வேண்டியது நாம்தான். கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சியாகவும் அமையும். இயன்றவர்கள் சிறு நன்கொடையும் தரலாம். சம்பளமில்லாமல் நம் வீட்டுக்கும் சேர்த்துக் காவல் நிற்பவர்களுக்கு அந்த அளவுக்காவது நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.