மருந்துச் சீட்டும் பெருநாள் பட்டியலும்

டிசம்பர் பிறந்ததும் நம் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஒரு மாற்றம் தென்படுகிறது. மாதந்தோறும் தவறாது வருவோரில் சிலரைக் காண முடிவதில்லை. வருவோரிலும் சிலர், 30 நாளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை 15 நாளுக்கு மட்டும் வாங்கிச் செல்கின்றனர். ஏன் என்று வினவினால் முதலில் தயங்குவர், பின்னர், "கிறிஸ்துமஸ் வருகிறதே டாக்டர், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டாமா?" என்பர். ஜனவரியில் இவர்களுள் சிலர் மூச்சுத்திணறலோடும் கட்டுக்கடங்காத சர்க்கரையோடும் மீண்டும் எங்களிடம் வருகின்றனர். மாத்திரையில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு தொகை அப்போது செலவாகிறது.

இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. வல்லத்திராக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய்த் தண்ணீரையும் மழையையும் நம்பி நட்ட நெல், டிசம்பரில் வயலில்தான் நிற்கும். அறுத்துக் காசாவது தையில். ஆகவே பொங்கல், கையில் பணம் வரும் காலத்துப் பண்டிகை. கிறிஸ்துமஸோ கை வறண்ட காலத்துப் பண்டிகை. அதன்பின் ஒரு வாரத்தில் புத்தாண்டு, மூன்று வாரத்தில் பொங்கல். இவற்றிடையே நகை அடகுக்குப் போகிறது, குழுக்கடன் வாங்கப்படுகிறது. நோயாளி ஒருவர் உள்ள வீட்டில் அந்தக் கடன், மருந்துக் கடனின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பண்டிகையைக் கைவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நீண்ட நாள் நோயோடு வாழ்வோருக்கு நாள்காட்டியில் எதிர்பார்ப்பதற்கு ஒரு நாள் இருப்பது நலம். நாங்கள் சொல்வது இதுதான்: பெருநாளில் பணத்தைக் குறையுங்கள், கைகளைக் கூட்டுங்கள். அந்தக் கைகளில் நோயாளியின் கையும் இருக்கட்டும்.

இது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதற்கு 39 நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் வந்தது. தோப்பை இழந்தவர்களுக்கு அந்த ஆண்டு கடைவீதிக்குச் செல்ல ஏது வழி? ஆயினும் பெருநாள் வந்து போயிற்று. இல்லாமையால் எளிமையாக்கிய அந்தப் பெருநாளைத் திட்டத்தாலும் எளிமையாக்கலாம் அல்லவா?

திட்டம் என்பது ஒரு தாளில் தொடங்குகிறது. டிசம்பர் முதல் வாரத்திலேயே குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து எழுதுங்கள். முதல் வரியில் மருந்து: ஜனவரி இறுதிவரை தேவையான மாத்திரை, இன்சுலின், ஊசி, மருத்துவமனைக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணம். அந்தத் தொகையைத் தனி உறையில் வைத்து, அதைத் திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இந்த வரியைக் குறைக்கவும் வழியுண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கடையில் வாங்குவோர், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து ஜெனரிக் வடிவில் கிடைக்குமா என்று எங்களிடமே கேளுங்கள். இதில் கூச்சம் எதற்கு? விலை கேட்காமல் காய்கறி வாங்குகிறோமா?

எஞ்சியது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் துணிக்கு 1,500, அன்றைய விருந்துக்கு 800, பலகாரத்துக்கு 400, பரிசுப் பொருள்கள் செய்ய 300. பெரியவர்களுக்குப் புத்தாடை இல்லை. இதைப் பெரியவர்களே முதலில் அறிவித்துவிட்டால் பிள்ளைகளிடம் அளவைப் பற்றிப் பேசுவது எளிதாகும். தொகை கூடலாம், குறையலாம். கடன் வாங்கிய பணம் இதில் கலக்கலாகாது என்பதே கணக்கு.

இங்கே ஒரு சொல்லை நாம் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். 'வீட்டிலேயே செய்தது' என்கிறோம். வீட்டில் யார் செய்தது? நோயாளியை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் மூன்று முறை விழித்துப் பார்க்கும் அதே மருமகளோ மகளோ, இப்போது அரிசி இடித்து, பாகு காய்ச்சி, முறுக்குப் பிழிந்து, பரிசுப் பையும் தைக்க வேண்டுமா? அவர் உழைப்புக்கு விலை போடாததால்தான் வீட்டுப் பரிசு மலிவாகத் தெரிகிறது. கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் நாங்கள், கட்டிலின் அருகில் நிற்பவரின் முகத்தையும் பார்க்கிறோம். தூக்கமில்லாக் கண், குறைந்த எடை, தாமே ஒத்திப்போட்ட தம் பரிசோதனை ஆகியவற்றைப் பராமரிப்போரிடம் அடிக்கடி காண்கிறோம். பெருநாள் அவர்மேல் இன்னொரு சுமையாக விழுமானால், கடையில் அரைக் கிலோ முறுக்கு வாங்கிக்கொள்வதே நல்லது என்று தயங்காமல் சொல்வோம்.

எனவே அந்தத் தாளின் மறுபக்கத்தில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை எழுதுங்கள். அடுப்பருகே நிற்கும் வேலை ஆண்களுக்கும் உரியதே. முறுக்கு உரலை அழுத்தத் தோள் வலிமைதான் வேண்டும். நோயாளியின் பெயரும் பட்டியலில் வரட்டும். பக்கவாதத்தால் கை தளர்ந்தவருக்குக் கல்கல் உருட்டும் வேலை பொருத்தமானது. பிசைந்த மாவில் சிறு உருண்டை எடுத்து, கழுவிய புதுச் சீப்பின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். பிசியோதெரபியில் நாங்கள் கேட்பதும் ஏறத்தாழ இதே அசைவைத்தான்: விரலால் பற்றுதல், அழுத்துதல், விடுதல், பலமுறை திரும்பச் செய்தல். பயிற்சிப் பந்தை அழுத்தச் சொன்னால் பத்து முறையில் சலித்துக்கொள்ளும் அப்பத்தா, பேரப்பிள்ளைகளோடு அமர்ந்தால் நூறு உருண்டை உருட்டுவார். சில கோணலாக வரும், அவற்றையும் பொரியுங்கள். எண்ணெய்ச் சட்டியருகே மட்டும் அவர் போக வேண்டா.

குடிலுக்கும் அப்படியே. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்னும் சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலுக்கு வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் போதுமானவையாக இருந்தன. நம் வீடுகளில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பழைய வைக்கோலையும் தவிர்த்துவிடலாம். அதன் தூசியும் பூஞ்சையும் இழுப்பைத் தூண்டும். அதற்கு ஈடாக, தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ வெந்தயமோ டிசம்பர் 15 வாக்கில் விதைத்தால் பெருநாளுக்குள் பச்சைப் புல்லாகிவிடும். காலையும் மாலையும் நீர் தெளிப்பது வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாதவரின் பொறுப்பு. இன்று எவ்வளவு வளர்ந்தது என்று பிள்ளைகள் அவரிடம்தான் கேட்க வருவார்கள்.

பரிசுகளைப் பொறுத்தவரை, நோயாளி உள்ள வீட்டில் பயன்படும் பொருளே எங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது. தொழில் செய்யும் கோளாறாகவும் இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் போடுவோருக்கு ஒரு மண்பானை செய்து கொடுங்கள். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, மணலை நாள்தோறும் இரு வேளை நனைத்து, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். இன்சுலின் குப்பி, நீர் புகாத சிறு டப்பாவில் உள்பானையில் இருக்கட்டும். வாயை ஈரத்துணியால் மூடுங்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி நிலைக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பரிசின் அருமை தெரியும். பள்ளிப் பிள்ளைகள் அட்டையால் ஏழு அறைப் பெட்டி செய்து, சூரியனும் நிலவும் வரைந்து, எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று காட்டலாம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுக்காமல் அறைக்கேற்ப வெட்டி வையுங்கள். சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உறவினருக்குப் பலகாரம் கொடுக்கப் பிளாஸ்டிக் டப்பா எதற்கு? பனையோலைக் கொட்டான் போதும்; அது முடையத் தெரிந்த முதியவர் வீட்டிலிருந்தால், அவரே அந்த ஆண்டின் முதன்மைப் பரிசாளர். பழைய நூல்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை, மார்கழிக் குளிரில் கடைப் போர்வைக்குக் குறைந்ததன்று.

காசே செலவாகாத பரிசும் ஒன்றுண்டு. வெளியூரிலிருந்து வரும் மகனோ தம்பியோ, ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுக்கலாம்: 'டிசம்பர் 26, 27 இரவுகளில் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணி உறங்கட்டும்.' எழுதினால் மட்டும் போதாது. எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்பதையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிப்பைப் பற்றிச் சுருக்கமாக. கருப்பட்டியும் வெல்லமும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றவை என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. ஒரு துண்டு கேக்கோ நான்கைந்து கல்கல்லோ உண்ண விரும்பினால், அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதய நோயாளிக்கு இனிப்பைவிட முறுக்கிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பே பகை. டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஆதனக்கோட்டைச் சாலையோரத்து வறுத்த முந்திரியானாலும், பேரீச்சை, வாழைப்பழம் ஆனாலும், அளவை எங்களிடம் கேட்டறியாமல் உண்ண வேண்டா. பெருநாளை முன்னிட்டு ஒரு டயாலிசிஸையும் தள்ளிப்போட வேண்டா. டிசம்பர் 25 உங்கள் முறை நாளானால், ஒரு வாரம் முன்னதாகவே செவிலியரிடம் சொல்லி மாற்று நாள் பெறுங்கள்.

நள்ளிரவு வழிபாட்டுக்குச் செல்வோர் இன்சுலின் நேரத்தை முன்னதாகவே எங்களோடு பேசி முடிவு செய்யுங்கள். உணவுக்கு முன் போடும் ஊசியைப் போட்டுவிட்டு, உண்ணாமல் கோவிலில் மணிக்கணக்கில் நிற்பது ஆபத்து. சட்டைப் பையில் குளுக்கோஸோ நான்கு மிட்டாயோ இருக்கட்டும். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் அங்கேயே உண்ணுங்கள். இதயம் தளர்ந்தவரும் இழுப்பு உள்ளவரும் பனியில் திறந்தவெளியில் நிற்பதைவிட, மறுநாள் காலை வழிபாட்டுக்குச் செல்வது மேல். நெஞ்சுவலி வந்தால் வழிபாடு முடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். அன்றிரவும் நம் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கும்; பணியில் இருப்போருக்கு நீங்கள் கொண்டுவரும் கோணல் கல்கல்லும் ஏற்கப்படும்.