எட்டு மெய்ப்பாடும் ஒற்றைப் புன்னகையும்

தமிழர் இல்லத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் காண்க! ஆங்கொரு பெண்முகம், அகன்ற விழி, சிவந்த இதழ், அவ்விதழில் மாறாத புன்னகை. திருமகளாயினும், உழத்தியாயினும், குடமேந்திய நங்கையாயினும் முகம் ஒன்றே! எருமைத்தலையன்மேல் வேல் பாய்ச்சும் கொற்றவைக்கும் பெரும்பாலும் அதே புன்னகைதான்! உடை மாறும், அணி மாறும், உள்ளம் மட்டும் மாறாது. உள்ளமென ஒன்றை வரைந்திருந்தாலன்றோ அது மாறும்?

உள்ளம் மெய்யின்கண் வெளிப்படும் வகைக்குத் தனியோர் இயலே வகுத்த மொழி தமிழ். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன் காட்டினார். நகை அவ்வெட்டனுள் ஒன்று, ஒன்றே! இழவும் வறுமையும் அழுகைக்கு நிலைக்களன். கொலையும் அலைத்தலும் வெகுளிக்கு. கல்வியும் தறுகண்மையும் பெருமிதத்திற்கு. இவ்வெட்டும் ஆடவர்க்கே உரியனவென்று அவர் வேலி கட்டினாரில்லை.

வேலி கட்டியது அச்சு வணிகம். 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். அவர் தீட்டிய பெண்டிரில் ஏக்கமும் துயரும் உண்டு; ஆயின் வீடுதோறும் பரவியவை அமைதி தவழும் கடவுள் முகங்களே. பின்னர்க் கோவில்பட்டிக் கொண்டையராசும் (1898–1976) அவர் மாணாக்கரும் வரைந்தவை சிவகாசி அச்சகங்களில் பெருகின. அவர்தம் கைத்திறத்தில் குறையில்லை. துயர்முகம் கடைக்கு ஆகாது, சினமுகம் வீட்டிற்கு ஆகாது என்று தூரிகைக்குக் கட்டளையிட்ட வணிகத்திலேயே குறை.

தந்தையையும் குன்றையும் இழந்து புலம்பிய பாரிமகளிர்க்கு அத்தாளில் இடமெங்கே? மகன் மார்பில் புண்பட்டு வீழ்ந்தானெனக் கண்டு, ஈன்றபொழுதினும் உவந்த முதியவளுக்கு முகமெங்கே? 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சிலம்பேந்திய கண்ணகி சென்னைக் கடற்கரையில் வெகுண்டு நின்றாள். சிலையில் நின்ற சினம் நாட்காட்டித் தாளில் நில்லாதது ஏன்?

அப்படத்தின்கீழ் ஒரு சிறுமி நாள்தோறும் வளர்கிறாள். படம் வாய் திறவாமலே கற்பிக்கிறது: இழிவுறினும் நகு, அடியுறினும் நகு, முகம் சுளித்தால் நீ பெண்ணல்லை! பெண்ணின் சினத்தை முகத்தினின்று துடைப்போர், நாளை அவள் நாவினின்றும் துடைப்பர்.

வரும் தைக்கு நாட்காட்டி அச்சிடும் தமிழ் மன்றங்கள் இதனை எண்ணுக! ஒளவையின் பெருமிதத்தை அச்சிடுக; கண்ணகியின் வெகுளியை அச்சிடுக; களையெடுப்பாளின் களைப்பையும் அச்சிடுக! எட்டும் உடையாளுக்கு ஒன்றை மட்டும் விட்டுவைப்பது கொடையன்று, கொள்ளை!