ஆக்டேன்ங்கிறது சத்து டானிக் இல்ல சித்தப்பா!

போன தடவை ஊருக்குப் போனப்ப, விடியக்காலையில சித்தப்பா வண்டியில தொத்திக்கிட்டு கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். முன்னாடி முல்லைப்பூ மூட்டை, பின்னாடி நான். வழியில பங்க்ல நிறுத்தினவர், "தம்பி, அந்த நல்ல பெட்ரோலே போடுப்பா"ன்னார்.

"நல்ல பெட்ரோலா? அப்ப மத்ததெல்லாம் கெட்ட பெட்ரோலா சித்தப்பா?"

"அது 95டா. சத்து அதிகம். லோடு இழுக்கணும்ல. கொஞ்ச நாளா இஞ்சின்ல வேற கட கடன்னு சத்தம் வருது. பங்க்லதான் இதைப் போட்டா சரியாயிடும்னாங்க."

வண்டி பதினஞ்சு வருஷப் பழசு. 100 சிசி, கார்புரேட்டர். அதுக்கு 95 ஆக்டேன்! லிட்டருக்கு ஏழெட்டு ரூபா கூட. மாசம் 30 லிட்டர்னு வச்சாலும் 200 ரூபாய்க்கு மேல, வருஷத்துக்கு 2,500 தாண்டுது. பூ விலை கிலோவுக்குப் பத்து ரூபா எறங்கினாலே மூஞ்சி தொங்கிப்போற மனுஷன், இதை யோசிக்காம குடுக்கிறார். எனக்கு வந்த கோபத்துல எழுதினதுதான் இந்தப் பதிவு.

சரி, மேட்டருக்கு வருவோம். ஆக்டேன்னா என்ன?

திருவிழாவுல சரவெடி கொளுத்துறோம். ஒரு முனையில பத்த வச்சா வரிசையா வெடிச்சுக்கிட்டே போகணும். நெருப்பு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே வால் பக்கம் தானா வெடிச்சா என்ன ஆகும்? இஞ்சின்லயும் அதே கதைதான். பெட்ரோல் ஆவியும் காத்தும் சேர்ந்த கலவையை பிஸ்டன் அமுக்குது. ஸ்பார்க் பிளக் ஒரு ஓரத்துல பத்த வைக்குது. நெருப்பு அங்கேருந்து பரவணும். அது வர்றதுக்குள்ள மிச்சக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காம தானா பத்திக்கிட்டா, அதுக்குப் பேர்தான் நாக்கிங். அப்படிப் பத்திக்காம எவ்வளவு தாங்கும்னு சொல்ற எண்தான் ஆக்டேன். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. இது ரெண்டையும் 91க்கு 9னு கலந்தா எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்குற பெட்ரோல் 91 ஆக்டேன்.

ஆக, இது பொறுமையோட அளவு. பலத்தோட அளவு இல்ல!

நம்பலையா? இப்ப உங்க டேங்க்ல இருக்கிற எத்தனாலையே பாருங்க. பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல குடுத்த விளக்கப்படி எத்தனாலோட ஆக்டேன் 108.5. ஆனா ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கிறதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான். ஆக்டேன்தான் சத்துன்னா, இ20 வந்தப்புறம் எல்லா வண்டியும் மைலேஜ்ல பறந்திருக்கணுமே? இறங்கும்னுதான் நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்லுது. இ10க்குன்னு செஞ்சு இ20க்கு டியூன் பண்ண காருக்கு 1-2 சதவீதம். எத்தனாலே இல்லாத காலத்துக்குச் செஞ்சு, இ10க்கு டியூன் பண்ண டூ வீலருக்கு 3-4 சதவீதம், காருக்கு 6-7 சதவீதம்.

இன்னொரு கூத்து. அதே அமைச்சக விளக்கப்படி, முன்னாடி நம்ம ஊர் பெட்ரோல் 88. பிஎஸ்-6 தரத்துக்கு 91. இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்ததுல சாதா பெட்ரோலே 95 கிட்ட வந்துடுச்சு. அப்ப சித்தப்பா கூடக் காசு குடுத்து வாங்குற 95 எதுக்கு?

அப்ப யாருக்குத்தான் அதிக ஆக்டேன் வேணும்? இஞ்சின் கலவையை எவ்வளவு அமுக்குதுங்கிறதைப் பொறுத்தது அது. பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் 350ல கம்ப்ரெஷன் 6.5க்கு 1. பழைய 100 சிசி வண்டிகள்ல 9க்கு 1 பக்கத்துல. யமஹா ஆர்15ல 11.6, கேடிஎம் 390ல 12க்கும் மேல. மேல போகப் போக பொறுமையான பெட்ரோல் தேவை. அதுலயும் நம்ம நாட்டுல விக்கிற வண்டிகள்ல பெரும்பாலானதை இங்க கிடைக்கிற 91ஐ மனசுல வச்சுத்தான் டியூன் பண்றாங்க. நாக் சென்சர் இருக்கிற வண்டியில 95 போட்டா கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதியும் கிடையாது. டேங்க்ல என்ன ஆக்டேன் இருக்குன்னே அதுக்குத் தெரியாது!

இது நம்ம சித்தப்பாவுக்கு மட்டும் வந்த வியாதின்னு நினைக்காதீங்க. 2016ல அமெரிக்காவோட ஏஏஏ வாகன சங்கம் பண்ண ஆய்வுல, தேவையே இல்லாம பிரீமியம் பெட்ரோல் போட்டு ஒரே வருஷத்துல 210 கோடி டாலருக்கு மேல வீணடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அங்கயும் சித்தப்பாக்கள் இருக்காங்க :-)

அதனால என் கட்சி இதுதான். வண்டியோட வந்த புத்தகத்துல என்ன நம்பர் போட்டிருக்கோ அதை ஊத்துங்க. 91னு இருந்தா 91 போதும். 95னு இருந்தா கஞ்சத்தனம் பண்ணாதீங்க, சத்தம் வர்றதோட நிக்காது, பிஸ்டனே போயிடும். பங்க்ல பேரைப் பார்த்து மயங்காம நம்பரைப் பாருங்க. பிரீமியம்னு பேர் இருக்கிறதாலயே அதுல எத்தனால் இல்லைன்னும் நினைச்சுடாதீங்க.

பழைய வண்டிக்காரங்க கவலைப்பட வேண்டியது ஆக்டேனைப் பத்தி இல்ல. எத்தனால் கூடினா ரப்பர் குழாய், கேஸ்கெட் தாங்குமா, கார்புரேட்டர் ஜெட் சரியா இருக்கா, இதுதான் கேள்வி. நம்ம மாவட்டத்துல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் சிங்கப்பூர்லயோ வளைகுடாவுலயோ இருக்காங்க. அவங்க வண்டி மாசக்கணக்கா கொட்டாயில நிக்குது. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டேங்க்ல பாதி பெட்ரோலோட வருஷம் முழுக்க நிறுத்திட்டுப் போறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

எனக்கு இருக்கிற ஆதங்கமே இதுதான். 2020 டிசம்பர்ல இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 கொண்டு வந்தப்ப டெல்லியில லிட்டர் 160 ரூபா. சாதா பெட்ரோல் அன்னைக்கு 82 சொச்சம். சூப்பர்பைக் வச்சிருக்கிறவருக்கு இப்படி வகை வகையா கிடைக்குது. பூ மூட்டை ஏத்துறவருக்கு எத்தனால் குறைவான பெட்ரோல் வேணும்னா சாதா விலையில அவர் பங்க்ல கிடைக்காது. கிடைக்கிறதெல்லாம் "95 போடவா சார்?" மட்டும்தான். ஒவ்வொரு பம்ப்லயும் ஆக்டேன் எவ்வளவு, எத்தனால் எவ்வளவுன்னு தமிழ்ல பெருசா எழுதி வைக்கிறதுக்கு என்ன செலவாயிடப் போகுது?

ஆங்... சித்தப்பா வண்டியோட கட கட சத்தம்? மறுநாள் மெக்கானிக்கிட்ட இழுத்துட்டுப் போனேன். காதை வச்சு ஒரு நிமிஷம் கேட்டுட்டு, "டாப்பெட் லூசு"ன்னார். பதினஞ்சு நிமிஷ வேலை, 100 ரூபா. ஆறு மாசமா அந்தச் சத்தத்துக்குத்தான் 95 ஊத்திக்கிட்டு இருந்திருக்கார்!

திரும்பி வர்றப்ப அதே பங்க். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "சாதாவே போடுப்பா, தம்பி கம்ப்யூட்டர் படிச்சிருக்கான்"ன்னார்.

நீங்க என்ன பெட்ரோல் போடுறீங்க, எதுக்காகப் போடுறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: மிச்சமாகுற காசுல சித்தப்பா எனக்கு முட்டை மாஸ் வாங்கித் தர்றேன்னார். இன்னும் வரலை.